பரங்கிமலைக் கல்லும் பாலோவின் திருவாசியும்

பாலோவில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கற்சிற்பத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். மலேசியாவில், லாபிசுக்கும் குளுவாங்குக்கும் நடுவில் ரயில் நின்று போகும் சின்ன ஊர் அது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. மண்ணைத் தோண்டினால் செம்மண்தான் வரும். உளி பிடித்த கையை அங்கே நான் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் தோட்டத்தில் இரண்டு கோவில்கள் இருந்தன. லயத்தின் ஒரு கோடியில் மாரியம்மன் கோவில். இன்னொரு கோடியில் வேதக்காரர் கோவில். எங்களுடையது இரண்டாவது. பலகைச் சுவர், தகரக் கூரை. மாதத்துக்கு ஒருமுறை சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் சொல்லி முடித்துவிடுவார். பீடத்துக்குப் பின்னால் நீலச் சாயம் அடித்த பலகைத் தட்டி. அதன் நடுவே பாடுபட்ட சுரூபம், இந்தப் பக்கம் மாதா, அந்தப் பக்கம் சூசையப்பர். சூசையப்பரின் வலது கை விரல்கள் இரண்டு உடைந்து, சுண்ணாம்பு மாவு பிசைந்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய விரல்கள் மற்ற விரல்களைவிடத் தடிமன். பூசை நேரம் முழுக்க அந்த விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த சிறுவன் நான்.

மாரியம்மன் கோவில் பூசாரியின் மகன் எனக்குக் கூட்டாளி. திருவிழாவுக்கு முதல் வாரம் அம்மனுக்குப் பின்னால் நிற்கும் பித்தளைத் திருவாசியை இறக்கி, புளி போட்டுத் தேய்ப்பார்கள். நானும் தேய்த்திருக்கிறேன். திருவாசியை அடியிலிருந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் இரண்டு குட்டித் தூண். தூண் தலையில் வாயைப் பிளந்த மகரம். அந்த வாயிலிருந்து வளைவு கிளம்பி மேலே போய் மறுபக்கத்து மகரத்தின் வாயில் இறங்கும். உச்சியில் யாளி முகம். மகரத்தின் பல் இடுக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதை எடுக்கப் பழைய பல் பிரஷ்தான் சரி. அந்தப் பல் வரிசை என் விரலுக்கு மனப்பாடம்.

பல ஆண்டுகள் கழித்து, சென்னைப் பரங்கிமலை உச்சியில் இருக்கும் மாதா கோவிலுக்குள் போய் நின்றேன். பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்த ஒரு கருங்கல் பலகை. அதில் ஒரு சிலுவை. சிலுவைக்கு இரண்டு பக்கமும் தூண். தூண் தலையில் வாயைப் பிளந்த மகரம். வேதக்காரர் கோவில் பீடத்தில் மாரியம்மன் திருவாசி! இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கல்லைப் பற்றித்தான்.

முதலில் பீடத்தின் பின்சுவர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் 'பீடம்' என்றே சொல்வதால் இதற்குத் தனிப்பெயர் நிலைக்கவில்லை. பூசை நடக்கும் கல்மேசை ஒன்று. அதன் பின்னால் எழும் சுவரோ தட்டியோ இன்னொன்று. 1960-களில் வத்திக்கான் சங்கம் முறைகளை மாற்றும்வரை, கத்தோலிக்கக் குருவானவர் மக்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்தபடிதான் பூசை செய்தார். பூசையோ இலத்தீனில். குருவின் முதுகும், அதற்கு மேலே அந்தச் சுவரும்தான் மக்களின் கண்ணுக்கு எட்டியவை. எழுத்துத் தெரியாதவனுக்கு அந்தச் சுவரே வேதாகமம். ஆகவே அதில் ஆதாம் முதல் அப்போஸ்தலர்வரை செதுக்கி வைத்தார்கள்.

இந்தக் கலையின் தாய்வீடு ஐரோப்பா. அதிலும் கல்லில் பின்சுவர் எழுப்புவதில் இங்கிலாந்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுக்குக் கிடைத்தது மெத்தென்ற சுண்ணாம்புக்கல். கத்தி வைத்தால் பாலாடைக்கட்டி போல வெட்டுப்படும், காற்றுப்பட இறுகும் வகை. அதனால் தாடியின் ஒவ்வொரு சுருளையும் அங்கியின் ஒவ்வொரு மடிப்பையும் செதுக்க முடிந்தது. வின்செஸ்டர் பேராலயத்தின் பெரிய திரைச்சுவர் 15-ஆம் நூற்றாண்டு வேலை. அடுக்கடுக்காக மாடங்கள், மாடத்துக்கு ஒரு சுரூபம். தென்கரையில் கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் ஒரு பழைய மடத்துக் கோவில் இருக்கிறது. மடத்தை 1539-ல் மூடியபின் அது ஊர்ப் பங்குக் கோவிலாகிவிட்டது. அதன் பின்சுவர் 1350-ஐ ஒட்டியது. அடியில் தாவீதின் தகப்பன் ஈசாய் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். ஒருபக்கம் தாவீது யாழோடு, மறுபக்கம் சாலமோன் யோசனையில். அதற்கு மேலே மாதா மடியில் குழந்தை, காணிக்கையோடு மூன்று ராஜாக்கள். ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு தளிர் கிளம்பும் என்ற ஏசாயாவின் வாக்கை அப்படியே யேசுவின் வம்சமரமாக நிறுத்தியிருக்கிறார்கள். படுத்திருக்கும் கிழவனைப் படத்தில் பார்த்தபோது எனக்குப் பள்ளிகொண்ட பெருமாள் ஞாபகம் வந்தது. அவர் நாபியிலிருந்தும் ஒரு தண்டு கிளம்புகிறதே!

இந்தச் சுவர்களுக்கு 1547-ல் கெட்ட காலம் பிடித்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் அரியணையில் ஒன்பது வயதுச் சிறுவன், ஆறாம் எட்வர்டு. அவன் பெயரால் ஆண்டவர்கள், மக்கள் யாத்திரை போய்க் கும்பிடும் சுரூபங்களை அகற்றச் சொல்லி ஆணை போட்டார்கள். அடுத்த ஆண்டு, எல்லாச் சுரூபங்களையும் எடு என்றார்கள். 1550-ல் கல்பீடங்களையே இடிக்கச் சொன்னார்கள். வின்செஸ்டரின் மாடங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்தன. இன்று அங்கே நிற்கும் சுரூபங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதிதாகச் செய்து வைத்தவை. கிறைஸ்ட்சர்ச்சில் மேல்மாடங்கள் வெறுமையாகிவிட்டாலும் ஈசாயும் ராஜாக்களும் தப்பிப் பிழைத்தார்கள்.

அதே 1547-ல், பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர்கள் மாதாவுக்குக் கோவில் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து இந்தச் சிலுவைக்கல் வந்தது. ஒரு தேசத்தில் பீடத்துக் கல்லை உடைக்கிறார்கள், இன்னொரு தேசத்தில் புதைந்த கல்லை எடுத்துப் பீடத்தில் வைக்கிறார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு கிடையாது. ஆண்டு மட்டும்தான் ஒன்று. ஆனாலும் எனக்கு அந்த ஆண்டை மறக்க முடிவதில்லை.

சரி, கல்லுக்கு வருவோம். மேல்பகுதி வளைந்த ஒரு பலகைக்கல். நடுவில் சிலுவை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சிலுவைபோல நேர்க்கோடாக இல்லை. நான்கு முனைகளும் மொட்டு விரிவதுபோல மூன்றாகப் பிரிந்திருக்கின்றன. சிலுவையில் யேசு இல்லை. ஆணி இல்லை, முள்முடி இல்லை. கீழே மூன்று படி. படிக்கு மேலே, சிலுவையின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் இலைகள் சுருண்டு மேலே எழும்புகின்றன, பட்டமரம் துளிர்விட்டதுபோல. சிலுவையின் உச்சியில் ஒரு புறா, தலைகீழாக இறங்கி அலகால் சிலுவையைத் தொடுகிறது. யோர்தான் ஆற்றில் யேசு ஞானஸ்நானம் பெற்றபோது இறங்கிய அதே புறா. கல் முழுவதிலும் வேதாகமத்திலிருந்து வந்த உயிர் அது ஒன்றுதான். மற்ற இரண்டு உயிர்களும் நம் கோவிலிலிருந்து வந்தவை: மகரங்கள்.

வளைவைச் சுற்றி ஒரு வரி எழுத்து ஓடுகிறது. இந்த எழுத்தின் கதை தனி வேடிக்கை. கல் கிடைத்த காலத்தில் போர்த்துக்கீசியர்களுக்கு அது விளங்கவில்லை. ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்துக் காட்டினார்கள். அவர் தயங்கவே இல்லை. யேசுவின் சீடர் தோமையார் இந்த நாட்டுக்கு வந்தது, போதித்தது, இறந்தது எல்லாவற்றையும் அந்த ஒரு வரியில் 'படித்து' முடித்துவிட்டார். கேட்பவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று கண்டுகொள்ளும் ஜோசியர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. உண்மையில் அது பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று 1873-ல் எடுத்துக் காட்டியவர் பர்னெல். தஞ்சாவூர்ச் சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தாரே, அதே ஏ. சி. பர்னெல். அதற்குப் பிறகும் அறிஞர்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். விங்க்வொர்த் என்பவர் 1920-களின் இறுதியில் சொன்ன பாடத்தைத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன்படி இது ஒரு மன்றாட்டு. சாகர்புக்தின் மகன் அப்ராஸ் என்ற சிரியக் கிறிஸ்தவன்மேல் இரங்கும்படி ஆண்டவராகிய மெசியாவை வேண்டுகிறது. இதைச் செதுக்கியவன் அவன்தான் என்கிறது.

செதுக்கியவன் என்றால் தானே உளி பிடித்தானா, கூலி கொடுத்துச் செய்வித்தானா? நம் கல்வெட்டுகளில் அரசன் கோவில் 'எடுத்தான்' என்று இருக்கும், அரசன் ஒரு செங்கல்கூடத் தூக்கியிருக்கமாட்டான். என் கணக்கில் அப்ராஸ் வணிகன். எழுத்தை அவன் ஓலையில் எழுதிக் கொடுத்திருப்பான், சிலுவையின் வடிவத்தையும் வரைந்து காட்டியிருப்பான். சுற்றி என்ன போடட்டும் என்று கல்தச்சன் கேட்டிருப்பான். தெய்வத்தைச் சுற்றி எங்களூரில் இதைத்தான் போடுவோம் என்று அவனே சொல்லியிருப்பான். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் அந்த மகரத்தைத் தவிர வேறில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, எழுத்தின் அமைப்பை வைத்து 7-ஆம் நூற்றாண்டு முதல் 9-ஆம் நூற்றாண்டுவரை சொல்கிறார்கள். தோமையாரே தன் கையால் செதுக்கியது என்ற நம்பிக்கையும் மலையில் உண்டு. 1558 டிசம்பர் 18-ஆம் தேதி பூசை நடக்கும்போது இந்தக் கல் வியர்த்தது, சிவந்தது என்று பதிவு இருக்கிறது. பிறகும் சில முறை நடந்து, 1704-ல் கடைசியாக நின்றது என்கிறார்கள். அதை விசுவாசத்தின் கணக்கில் விட்டுவிடுகிறேன். நான் பேசுவது வேலைப்பாட்டைப் பற்றி.

வேலைப்பாடு எப்படி? உள்ளதைச் சொன்னால், இது பெரிய சிற்பியின் கை இல்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நின்றுவிட்டு இங்கே வந்தால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். புடைப்பு ஆழமில்லை. புறாவைப் புறா என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஆனால் கருங்கல்லில் வேலை செய்கிறவனின் கஷ்டத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். இங்கிலாந்துக்காரனின் கல் கத்திக்கு இணங்கும். இந்தக் கல் உளியைத் திருப்பித் தள்ளும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை எவ்வளவு உறுதி என்பதற்கு ஒரு சாட்சி கல்கத்தாவில் இருக்கிறது: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னோக் சமாதிக்கு இங்கிருந்து கல் போனது. அந்தப் பாறை வகைக்கே அவர் பெயரால் 'சார்னோக்கைட்' என்று நிலவியலார் பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட கல்லில் ஒரு கொத்து அதிகமாகப் போனால் திரும்ப ஒட்ட முடியாது. சூசையப்பரின் விரலைப்போல மாவு பிசைந்து ஒட்டுகிற சமாசாரம் இல்லை. ஆகவே கல்தச்சன் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று முதலில் கணக்குப் போட்டிருக்கிறான். வின்செஸ்டரில் கண்ணுக்கு ஓய்வே கிடையாது, ஒரு மாடம்கூடச் சும்மா இல்லை. இங்கே சிலுவைக்கும் தூணுக்கும் நடுவே வெறும் கல் இருக்கிறது. அந்த வெறும் இடத்தால்தான் சிலுவை நிற்கிறது. படிப்பதற்கு இங்கே கதை இல்லை, நின்று பார்ப்பதற்கு ஓர் உருவம் இருக்கிறது. கும்பிடுகிறவனுக்குப் பின்சுவரில் இது போதும் என்பது என் அபிப்பிராயம். மாறுபடுகிறவர்கள் மாறுபடலாம்.

இந்தக் கல்லுக்கு உடன்பிறப்புகள் உண்டு. கோட்டயம் வலியபள்ளியில் இரண்டு, கடமற்றத்தில் ஒன்று, முட்டுச்சிறையில் ஒன்று என்று கேரளத்தில் இதே சாயலில் பல. இலங்கையில் அனுராதபுரத்தை அகழ்ந்தபோது 1912-ல் ஒரு தூண் துண்டில் இலை தளிர்க்கும் சிலுவை கிடைத்தது. அதில் எழுத்து இல்லை, மகரமும் இல்லை. கடல் வழியே வந்த பாரசீகக் கிறிஸ்தவர்கள் இறங்கிய இடமெல்லாம் ஒரு கல்லை நட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்களுடைய கப்பல்கள் நம்முடைய மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சீனம்வரை போனவை. ஆனால் நம் பக்கத்தில் இப்படி ஒரு கல்லை நான் பார்த்ததில்லை.

மலாக்காவில் போர்த்துக்கீசியர்கள் 1511-லிருந்து 130 ஆண்டுகள் இருந்தும் செதுக்கிய பீடச்சுவர் என்று நம் கண்ணில் எதுவும் படுவதில்லையே, ஏன்? ஒரு காரணம் அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள். அவர்கள் சபையில் பீடத்தில் உருவம் கூடாது. இன்னொரு காரணம் கல். செயின்ட் பால் குன்றிலும் கோட்டைவாசலிலும் இருப்பது செம்பாறாங்கல். தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். கோட்டை கட்டலாம், கன்னம் செதுக்க முடியாது. கோவாவிலும் அதே கல்தான். அதனால்தான் அங்கே பீடச்சுவரையெல்லாம் மரத்தில் செய்து பொன்முலாம் பூசினார்கள்.

டச்சுக்காரர்கள் கட்டிய சிவப்புக் கோவிலுக்குள், 1753-ல் முடிந்த கிறைஸ்ட் சர்ச்சுக்குள், போயிருக்கிறீர்களா? வெளியே பூப்போட்ட ரிக்‌ஷா முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். உருவம் கூடாது என்றவர்கள் கட்டிய கோவிலானாலும், இன்று உள்ளே பீடத்துக்கு மேலே கடைசி இராவுணவு இருக்கிறது, பளபளக்கும் பூச்சு ஓடுகளில். கல்லில்லாத ஊரில் இதுதான் நமக்குக் கிடைத்த பின்சுவர். கலை என்று பார்த்தால் சுமார்தான். ஓட்டின் பளபளப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், முகங்கள் பிடிபடாது. நம் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற படத்துக்கு அது பெரியண்ணன். ஆனால் அந்தக் கோவிலில் நல்ல கல்வேலை வேண்டுமென்றால் தரையைப் பாருங்கள். அர்மீனிய எழுத்தில் ஒரு சமாதிக்கல் இருக்கிறது, 1774-ல் இறந்த ஜேக்கப் ஷமியர் என்ற இளம் வணிகருடையது. எழுத்துக்களின் வெட்டு அவ்வளவு சுத்தம். அவருடைய குடும்பம் சென்னையில் வாழ்ந்த அர்மீனியக் குடும்பம். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தவரும் சென்னை அர்மீனியர்தான், பெட்ருஸ் உஸ்கான். மலைக்குப் படி கட்டிய கூட்டத்தில் ஒருவர் மலாக்காவில் வந்து படுத்திருக்கிறார்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர்க் கோவிலில், எந்த ஊர் என்பது வேண்டாம், பழைய கருங்கல் ஞானஸ்நானத் தொட்டி ஒன்றைப் பார்க்கவென்றே போனேன். விளிம்பில் கொடிவேலை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போனால், திருநாளுக்கென்று தங்கநிற எனாமல் அடித்து வைத்திருந்தார்கள், இரண்டு கோட்டு. கொடியின் பள்ளங்களில் சாயம் கட்டிப் பாதி வேலை மறைந்துவிட்டது. அடித்தவர் ஆசையாகத்தான் அடித்திருக்கிறார். 'இப்பதான் ஐயா பார்க்க நல்லா இருக்கு' என்றார். அவரிடம் நான் என்ன சொல்வது? மாரியம்மன் திருவாசிக்கும் இப்போதெல்லாம் புளி கிடையாது, தங்கநிற ஸ்ப்ரேதான்.

பழைய பீடச்சுவர்கள் பல இடங்களில் இப்படிச் சாயத்துக்குள் போயின. இன்னும் பல, குருவானவர் மக்களைப் பார்த்துப் பூசை செய்யத் தொடங்கியபின், இனி எதற்கு என்று கழற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வருவது அச்சில் வார்த்த ஃபைபர் சுரூபங்கள். விலை மலிவு, தூக்க லேசு, விரல் உடையாது. அதையும் நான் குறை சொல்லவில்லை, எங்கள் தோட்டத்துக் கோவிலுக்கு அன்றைக்கு அது கிடைத்திருந்தால் நாங்களும் வாங்கியிருப்போம். ஆனால் கையில் கொஞ்சம் பணம் சேர்த்துப் புதுக் கோவில் எழுப்புகிற பங்குகளுக்கு ஒரு வார்த்தை. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்லூரி இயங்குகிறது. தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கிறது. பிள்ளையார் செய்கிற அதே கை புறாவும் செய்யும், சிலுவையும் செய்யும். ஒரே ஒரு பலகைக்கல், அதில் அதிகம் செதுக்காத ஒரு சிலுவை, சுற்றி ஒரு திருவாசி. பன்னிரண்டு அப்போஸ்தலர்களையும் வரிசையாக நிறுத்தவேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய. பட்டுப்புடவைக்கும் பாத்திரக்கடைக்கும் நேரம் இருக்கிறது. பரங்கிமலை விமானநிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திரும்புகிற நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பூசை இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போங்கள். நேர் எதிரே நின்றால் புடைப்பு தெரியாது. கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி நின்று, முதலில் மகரத்தின் வாயைப் பாருங்கள்.